தட்கல் சர்வீஸா, சோலார் பம்பா, டீசலா? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலங்களுக்கு ஓர் ஒப்பீடு

போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டாகிவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது, மின் வாரியத்தில் எழுதிக் கொடுத்து வருடக்கணக்கில் சர்வீஸ் (மின் இணைப்பு) வரவில்லை. தட்கலில், அதாவது கூடுதல் பணம் கட்டி வரிசையைத் தாண்டி சர்வீஸ் வாங்கும் திட்டத்தில், 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம் கட்டலாமா, மானியத்தில் சோலார் வாங்கலாமா, அதுவரை ஜெனரேட்டரை வைத்தே ஓட்டலாமா? பாலக்கோட்டிலிருந்து ஊத்தங்கரை வரை விவசாயிகள் இதைத்தான் கேட்கிறார்கள். சோலார் விற்பவரிடம் கேட்டால் சோலார் என்பார், மோட்டார் கடைக்காரர் கரண்ட் என்பார். இரண்டு பேரும் உங்கள் போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்பதில்லை. பதில் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

வட மாநிலங்களுக்காக எழுதப்பட்ட சோலார் பம்பு கணக்குகள் பெரும்பாலும் கரண்ட் பில் மிச்சத்தைக் காட்டும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், மிச்சமாக இங்கே பில்லே கிடையாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் உள்ளவருக்கு சோலாரால் ரூபாய் மிச்சமில்லை. சர்வீஸ் இல்லாதவருக்கும், கம்பம் போக முடியாத இடத்தில் நிலம் வைத்திருப்பவருக்கும்தான் இந்த ஒப்பீடு உண்மையில் பயன்படும்.

## முதலில் கையில் இருக்க வேண்டிய ஐந்து எண்கள்

1. மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டம். போர் 800 அடி, மோட்டார் 500 அடியில் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்கு வேண்டாம். இரண்டு மணி நேரம் இறைத்த பிறகு தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதே வேண்டும். அதையும் ஏப்ரல், மே மாதத்தில் அளக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு அளந்த மட்டத்தை நம்பி பம்பு வாங்கியவர்களுக்குத்தான் சித்திரையில் தண்ணீர் ஏறாமல் போகிறது. கருங்கல் பாறைப் பூமியில் தண்ணீர் வெடிப்புகளில்தான் தங்குகிறது. ஒரே காட்டில் (விவசாய நிலத்தில்) இரண்டு போருக்கு இடையே நூறு அடி வித்தியாசம் இருப்பது சாதாரணம். பக்கத்துக்காட்டு மட்டத்தை வைத்து உங்கள் பம்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

2. போர் தாங்கும் அளவு. "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்ற பேச்சு கணக்குக்கு உதவாது. 200 லிட்டர் டிரம்மை வைத்து, அது நிறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 4 நிமிடம் என்றால் மணிக்கு 3,000 லிட்டர். மோட்டார் தொடர்ந்து ஓடும்போது முதல் மணியிலும் நான்காம் மணியிலும் அளந்தால், போர் வற்றுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

3. பயிர் உச்சத்தில் கேட்கும் தண்ணீர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது சுமார் 4,000 லிட்டர். சொட்டுநீரில் காய்ப்பில் இருக்கும் தக்காளிக்குக் கோடையில் நாளுக்கு 4.5 மி.மீ. என்று வைத்தால் ஏக்கருக்கு 18,000 லிட்டர். முப்பதுக்கு முப்பது அடி இடைவெளி வைத்த வளர்ந்த மாந்தோப்பில் ஏக்கருக்கு நாற்பதிலிருந்து ஐம்பது மரம். காய் பிடித்த பிறகு மரத்துக்கு 80 லிட்டர் என்றால்கூட ஏக்கருக்கு 4,000 லிட்டருக்குள் முடிந்துவிடும். நெல்லும் கரும்பும் வாய்க்கால் பாசனத்தில் இதைப்போலப் பல மடங்கு கேட்கும்.

4. கம்பத்துக்குத் தூரம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் போர் வரை எத்தனை கம்பம், இடையில் யார் பட்டா, காப்புக்காடு குறுக்கிடுகிறதா என்று பாருங்கள்.

5. நிழலில்லாத இடம். 5 எச்.பி. சோலாருக்கு 540 வாட் பேனல் ஒன்பது வேண்டும். பேனலின் பரப்பு மட்டும் சுமார் 23 சதுர மீட்டர். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அதன் மேல் தென்னை நிழலோ மாமர நிழலோ படக்கூடாது.

இந்த எண்களை வைத்துப் போடும் கணக்கு எளியது. பேனல் ஒரு கிலோவாட்டுக்கு, நல்ல வெயில் நாளில் கிடைக்கும் லிட்டர், ஏறத்தாழ 20 லட்சம் ÷ மொத்த உயரம் (அடியில்). நம் பக்கம் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு விழும் வெயில் 5 முதல் 5.5 கிலோவாட் மணி. சூட்டிலும் தூசியிலும் கேபிளிலும் கால் பங்கு போகும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து மீதியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தண்ணீராக மாற்றும். இவற்றைக் கழித்த பிறகு நிற்பதே அந்த 20 லட்சம்.

மொத்த உயரம் என்பதில் நான்கு உருப்படிகள் உண்டு. மே மாதத் தண்ணீர் மட்டம் 260 அடி, நிலத்தின் மேடு 10 அடி, குழாய் உராய்வு 15 அடி, சொட்டுநீருக்கு 1.2 கிலோ அழுத்தம் (ஒரு கிலோ என்பது 33 அடி) என்றால் 40 அடி. ஆக 325 அடி. 20 லட்சத்தை 325-ஆல் வகுத்தால் 6,150. 5 எச்.பி.க்குத் தரப்படும் பேனல் 4.8 கிலோவாட், ஆக நாளுக்கு 29,500 லிட்டர். தக்காளியென்றால் ஒன்றரை ஏக்கர். மாந்தோப்பென்றால் ஏழு ஏக்கர்.

அதே பம்பு, மட்டம் மட்டும் இறங்கி மொத்த உயரம் 650 அடியாகிவிட்டால் 14,800 லிட்டர்தான். தக்காளி ஒரு ஏக்கருக்கே பற்றாது.

## இலவச மின் இணைப்பு

சாதகம். கிடைத்துவிட்டால் இதற்கு ஈடு இல்லை. மேலே சொன்ன 325 அடி உயரத்தில் 5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 7,500 லிட்டர் தரும். சோலார் ஒரு நாள் முழுக்கத் தருவதை கரண்ட் நான்கு மணி நேரத்தில் தந்துவிடும். மேகம், பனி, மாலை என்று எதையும் பார்க்க வேண்டாம். ஆழம் எவ்வளவு ஆனாலும் எச்.பி.யைக் கூட்டிக்கொள்ளலாம், அதற்கான அனுமதி வாங்கிக்கொண்டு.

செலவு. சாதாரண வரிசையில் காசு குறைவு, காத்திருப்பு அதிகம். தட்கலில் 5 எச்.பி.க்கு 2.5 லட்சம், 7.5 எச்.பி.க்கு 2.75 லட்சம், 10 எச்.பி.க்கு 3 லட்சம், 15 எச்.பி.க்கு 4 லட்சம். 5-க்கும் 10-க்கும் வித்தியாசம் வெறும் ஐம்பதாயிரம் என்பதைக் கவனியுங்கள். மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கும் ஊரில் 5 எச்.பி.க்குப் பணம் கட்டிவிட்டுப் பின்னால் வருந்துவதைவிட, அப்போதே பெரியதைக் கேட்பது நல்லது. சோலாரில் இந்த வசதி கிடையாது, எச்.பி. இரட்டிப்பானால் பேனலும் விலையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

மறைந்திருக்கும் செலவு. கரண்ட் இலவசம்தான், மோட்டாருக்குள் கட்டும் காயில் (செம்புக் கம்பிச் சுற்று) இலவசமில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் கடைக்கோடியில் இருக்கும் சர்வீஸில், எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வரும். வோல்டேஜ் இறங்கினால் ஆம்ஸ் ஏறும், காயில் கருகும். ஒரு ஃபேஸ் போன நேரத்தில் கெப்பாசிட்டர் வைத்து இரண்டு ஃபேஸில் ஓட்டுவது இன்னும் மோசம். 400 அடி ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்க வண்டிக் கூலி, காயில் கட்டும் கூலி, மறுபடி இறக்கும் கூலி, இடையில் பயிருக்குத் தண்ணீர் இல்லாத நாலைந்து நாள். பூவெடுத்த தக்காளியில் அந்த நாலைந்து நாள்தான் பெரிய நட்டம். ஃபேஸ் போனாலும், வோல்டேஜ் இறங்கினாலும், தண்ணீரில்லாமல் ஓடினாலும் நிறுத்தும் பிரிவென்டர் பேனல் போடாமல் மோட்டாரை இறக்காதீர்கள்.

இரவில் தண்ணீர் கட்டப் போவதும் ஒரு செலவுதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், மாரண்டஅள்ளி வனத்தை ஒட்டிய நிலங்களில் யானை நடமாட்டம் இருக்கும் மாதங்களில் இருட்டில் வால்வு திருப்பப் போகச் சொல்லும் எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடு அல்ல.

எப்போது இதுவே சரி. மொத்த உயரம் 400 அடிக்கு மேல், கம்பம் பக்கத்தில், தினமும் தவறாமல் தண்ணீர் கேட்கும் பயிர். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் தட்கலுக்குக் கடன் வாங்கினாலும் பரவாயில்லை.

## சோலார் பம்பு

சாதகம். தண்ணீர் தேவை உச்சத்தில் இருக்கும் மாசி முதல் வைகாசி வரைதான் வெயிலும் உச்சத்தில் இருக்கும். பகலில் மட்டும் ஓடும், இரவு வேலை இல்லை. இன்னொன்றை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை: குறைவாக ஊறும் போருக்கு சோலார் நன்றாக ஒத்துப்போகும். கரண்ட் மோட்டார் முக்கால் மணியில் போரை வற்றவைத்து நிற்கும். சோலாரோ காலையில் மெல்லத் தொடங்கி, மத்தியானம் வேகம் எடுத்து, மாலையில் தணியும். மணிக்கு 3,000 லிட்டர் ஊறும் போரில் சிறிய சோலார் பம்பு நாளெல்லாம் நிற்காமல் எடுக்கும்.

செலவு. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம், மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டுத் திட்டமான பி.எம். குசும் நிதியோடு மாநில நிதியும் சேர்த்து, பொதுப் பிரிவு விவசாயிக்கு 60 சதவீத மானியம் என்பதே அடிப்படை. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு அதற்கு மேலும் உண்டு. 5 எச்.பி. நீர்மூழ்கி பம்பு அமைப்பின் விலை 3 முதல் 3.5 லட்சம் என்று வைத்தால், விவசாயி பங்கு 1.2 முதல் 1.4 லட்சம். மத்திய மானியக் கணக்கு 7.5 எச்.பி. வரைதான், அதற்கு மேல் போனால் உங்கள் பங்கு வேகமாக ஏறும். மானியப் பம்புக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பும் காப்பீடும் சேர்த்தே வரும்.

மானியமே வேண்டாம், இருக்கும் மோட்டாருக்கே பேனல் மாட்டிக்கொள்கிறேன் என்பவருக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண 415 வோல்ட் மோட்டாரை டிரைவ் (பேனலின் டி.சி.யை மோட்டாருக்கு ஏற்ற ஏ.சி.யாக மாற்றும் கருவி) வைத்து ஓட்ட ஏறத்தாழ 600 வோல்ட் டி.சி. வேண்டும். அதற்கு 540 வாட் பேனல் பதினைந்தைத் தொடராக மாட்ட வேண்டும், அதாவது 8 கிலோவாட். ஒன்பது பேனலில் ஓடும் மானியப் பம்புகளின் மோட்டார் குறைந்த வோல்டேஜுக்குக் காயில் கட்டியது. இது தெரியாமல் காயில் கடையில் வழக்கமான 415-க்குக் கட்டி இறக்கினால் மோட்டார் வேகமே எடுக்காது. மோட்டாரின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போருக்குள் போன பிறகு அதைப் பார்க்க முடியாது.

எங்கே தவறுகிறது. முதல் தவறு, விளம்பரத் தாளின் எண்ணை நம்புவது. 5 எச்.பி. ஏ.சி. பம்பு 100 மீட்டரில் நாளுக்கு 43,200 லிட்டர் என்று போட்டிருக்கும். பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனை அளவு, சதுர மீட்டருக்கு 7.15 கிலோவாட் மணி வெயில் பேனல் மேல் விழும்போது, அதாவது நாளுக்கு மூன்று முறை பேனலைச் சூரியன் பக்கம் திருப்பும்போது. நிலையாக நிற்கும் பேனலுக்கு நம் ஊரில் அதில் முக்கால் பங்குக்கும் குறைவுதான்.

இரண்டாவது, பம்பின் ஸ்டேஜ் எண்ணிக்கை, அதாவது தண்ணீரை மேலே தள்ளும் விசிறி அடுக்குகள் எத்தனை என்பது. வெயில் குறைந்தால் மோட்டார் வேகம் குறையும். வேகம் 80 சதவீதமானால் தூக்கும் உயரம் 64 சதவீதமாகிவிடும். 325 அடி தேவைக்குச் சரியாக 330 அடி தூக்கும் பம்பை மாட்டினால், காலை பத்தரைக்கு முன்பும் மாலை இரண்டரைக்குப் பிறகும் மோட்டார் சுற்றும், தண்ணீர் மட்டும் வெளியே வராது. "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தேவைக்கு மேல் நாலில் ஒரு பங்கு அதிகம் தூக்கும் பம்பைக் கேளுங்கள்; உச்சி நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் குறையும், ஆனால் ஓடும் நேரம் நீளும்.

மூன்றாவது, சொட்டுநீர் அழுத்தம். காலை ஒன்பது மணி வெயிலில் நேரடியாகச் சொட்டுநீரில் விட்டால் வரிசையின் முதல் செடி நனையும், கடைசிச் செடி காயும். சொட்டுநீரில் உரம் கலக்கும் வெஞ்சுரி உரத்தை இழுக்கவே இழுக்காது. பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வால்வு வால்வாகச் சொட்டுநீர், முன்னும் பின்னும் வரும் தண்ணீர் தொட்டிக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உரம் உச்சி வெயிலில். மேட்டில் ஒரு தொட்டியோ, தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டையோ இருந்தால் சோலாரின் பாதிக் குறை போய்விடும். இதற்கான செலவையும் சோலார் கணக்கிலேயே சேருங்கள்.

பிறகு, பேனல். எல்லாப் பேனலும் தொடராக மாட்டியிருப்பதால் ஒன்றின் மேல் தென்னையோலை நிழல் விழுந்தால் மொத்தமும் குறையும். பர்கூர், வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கம் கல்குவாரியும் கிரஷரும் உள்ள இடங்களில் மாவு போலத் தூசி படியும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். நம் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் கட்டி, தூசியைவிட அதுவே வெளிச்சத்தை மறைக்கும். விடியற்காலையில் கழுவி, ஈரத்தோடு ரப்பர் பட்டையால் வழித்துவிடுங்கள். மத்தியானம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். சாய்வு 12 முதல் 15 டிகிரி, தெற்குப் பார்த்து. நம் அட்சரேகைக்கு அது போதும்.

ஏழாம், எட்டாம் ஆண்டில் பழுதாவது பெரும்பாலும் பேனல் அல்ல, பேனலுக்கும் மோட்டாருக்கும் இடையே இருக்கும் கன்ட்ரோலர் பெட்டி. ஐந்தாண்டு முடிந்தபின் அது உங்கள் செலவு. ஆண்டுக்கு ஐயாயிரம் ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம். பெட்டியை நேர் வெயிலில் தொங்கவிடாமல் பேனலின் நிழலில் வைத்தால் ஆயுள் கூடும். சித்திரை, வைகாசி இடிமழை அதன் இன்னொரு எதிரி: எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் அதற்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

பேனல் பெட்டியைத் திறந்து ஒயரைத் தொடும் பழக்கம் கூடவே கூடாது. ஒன்பது பேனல் தொடரில் 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும். மோட்டார் நின்றிருந்தாலும், வெயில் இருக்கும்வரை அது இருக்கும்.

எப்போது இதுவே சரி. மொத்த உயரம் 330 அடிக்குள், சொட்டுநீர், இரண்டு ஏக்கருக்குள் காய்கறி அல்லது அதைவிடப் பெரிய தோப்பு, கம்பம் வர வழியில்லை. 330-க்கும் 400-க்கும் இடையே என்றால் தொட்டி கட்டுவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

## டீசல்

இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்; பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம்.

மேலே வைத்து உறிஞ்சும் 5 எச்.பி. எஞ்சின், மணிக்கு ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். தண்ணீர் 25 அடிக்குள் இருந்தால்தான் உறிஞ்சும். அந்த ஆழத்தில் அது மணிக்கு 30,000 லிட்டருக்கு மேல் இறைக்கும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று ரூபாய்தான் ஆகும். வருடத்தில் சில முறை மட்டும் தண்ணீர் காட்டும் மாந்தோப்புக்கு, கிணற்றில் தண்ணீர் மேலே இருந்தால், இதைவிட மலிவு எதுவும் இல்லை. சோலாரும் தட்கலும் அங்கே வீண்.

போரில் ஜெனரேட்டர் வைத்து ஓட்டுவது வேறு கதை. 5 எச்.பி. நீர்மூழ்கியைக் கிளப்பவே 12.5 முதல் 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேண்டும், மணிக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் போகும். டீசல் 92 ரூபாய் என்றால்கூட, 325 அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் எடுக்க 25 முதல் 30 ரூபாய். ஒரு ஏக்கர் தக்காளிக்கு உச்சத்தில் நாளுக்கு ஐந்நூறு ரூபாய். அப்படி 260 நாள் ஓட்டினால் மானிய சோலாரின் விவசாயி பங்கு முழுதும் டீசலாகப் போய்விடும். தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கும் வாரத்தில் இந்தச் செலவை எந்தக் காடும் தாங்காது. ஏர் கம்ப்ரசர் வைத்து எடுப்பது இதைவிடவும் செலவு. மணலும் சேறும் வரும் போருக்கு மட்டுமே அதில் நியாயம் உண்டு.

## சேர்த்துப் பயன்படுத்துவது

நம் பக்கம் ஆழ்போரிலிருந்து கிணற்றிலோ குட்டையிலோ விட்டு, அங்கிருந்து மறுபடி இறைப்பது பழக்கம்தான். அந்த இரண்டாவது இறைப்பில் சோலார் பிரமாதமாக வேலை செய்யும். கிணற்றிலிருந்து சொட்டுநீர் வரை மொத்த உயரம் 80 அடி என்றால், 3 எச்.பி. சோலார் (3 கிலோவாட்) நாளுக்கு 75,000 லிட்டர் தள்ளும். 600 அடி போருக்கு ஒரே ஒரு சர்வீஸ் கிடைத்தவர்கள் அதைப் போருக்கு வைத்துவிட்டு, மேலே உள்ள பகிர்வு வேலையைச் சோலாரிடம் விடலாம். சர்வீஸ் இல்லாதபோது இரண்டையும் சோலாரில் செய்ய முயல்வது தவறு. போர்ப் பக்கமே தோற்கும்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | தட்கல் சர்வீஸ், 5 எச்.பி. | மானிய சோலார், 5 எச்.பி. | ஜெனரேட்டர் |
|---|---|---|---|
| முதலில் கட்டும் பணம் (மோட்டார் தவிர்த்து கரண்டுக்கு, மோட்டாரோடு சோலாருக்கு) | 2.5 லட்சம் | 1.2 – 1.4 லட்சம் | வாடகைக்கும் கிடைக்கும் |
| 325 அடியில் தண்ணீர் | மணிக்கு சுமார் 7,500 லி. | நாளுக்கு சுமார் 29,500 லி. | மணிக்கு சுமார் 7,500 லி. |
| 650 அடியில் | எச்.பி. கூட்டினால் முடியும் | நாளுக்கு சுமார் 14,800 லி. | முடியும், டீசல் கட்டாது |
| ஓட்டும் செலவு | இல்லை | இல்லை | 1,000 லி.க்கு 25 – 30 ரூ. |
| மறைந்த செலவு | காயில், மோட்டார் தூக்கும் கூலி | தொட்டி, கன்ட்ரோலர், துடைப்பு | சர்வீஸ் ஆயில், ஆள் |
| மேகமூட்டமான நாள் | பாதிப்பில்லை | பாதி அல்லது அதற்கும் கீழ் | பாதிப்பில்லை |
| இரவு வேலை | இருக்கலாம் | இல்லை | உங்கள் விருப்பம் |

## எந்தப் பக்கத்துக்கு எது

சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் போன்ற மலையூர்களில் யோசிக்கவே வேண்டாம், சோலார்தான். ஊற்றும் ஆழமில்லாக் கிணறும் உள்ள இடம், காப்புக்காட்டுக்குள் கம்பம் நட வனத்துறை அனுமதி வேண்டும். யானை வழியில் மட்டும் பேனல் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு அருகே பேனலை வைத்து, போருக்குக் கேபிளை இழுப்பது, கேபிள் செலவு கூடினாலும் நல்லது.

காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி அணை ஆயக்கட்டை ஒட்டிய மாந்தோப்புகளில் கிணற்று மட்டம் மேலே. 3 எச்.பி. சோலார் போதும், 5 வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருப்பதில் லாபமில்லை. கிணறு 25 அடிக்குள் நிற்குமானால் டீசல் எஞ்சினே போதும்.

பாலக்கோடு, காரிமங்கலம், இராயக்கோட்டைத் தக்காளிக் காடுகள் இரண்டுங்கெட்டான். இங்கே ஊருக்கு ஒரு பதில் சொல்ல முடியாது. மே மாத அளவுதான் சொல்லும்.

பர்கூர், மத்தூர், ஊத்தங்கரை, மொரப்பூர் பக்கம் ஆயிரம் அடி போர் அதிசயமில்லை. மட்டமும் ஆழமாகிவிட்ட போருக்குச் சோலார் விற்க வருபவரிடம் மேலே உள்ள வகுத்தலைப் போட்டுக் காட்டுங்கள். சர்வீஸ் கிடைக்கும்வரை பயிரை மாற்றுவதே, ஏக்கர் தக்காளியைக் கால் ஏக்கராக்குவதே, அங்கே மிஞ்சும் வழி.

தளி, கெலமங்கலம், ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜாவும் குடைமிளகாயும் வைத்திருப்பவர்களுக்கு அழுத்தம் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. அங்கே ஆனி முதல் புரட்டாசி வரை மேகம் அதிகம். கரண்ட் முதலில், சோலார் துணைக்கு.

நாகமரை, ஏரியூர் பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் விளிம்பு நிலங்களில் தண்ணீர் ஒரு பருவத்துக்குள் வெகுதூரம் பின்வாங்கும். காங்கிரீட் போட்டு நிறுத்திய பேனல் அதைத் துரத்த முடியாது. தள்ளிக்கொண்டு போகும் டீசல் எஞ்சின்தான் அங்கே ஓடும்.

## பணம் கட்டும் முன்

சோலாருக்காக வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போகும்போது சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயியானால் அதற்கான சான்று எடுத்துப் போங்கள். அங்கே மூன்று விஷயத்தை எழுத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் குறுவட்டம் நிலத்தடி நீரில் எந்த வகையில் இருக்கிறது, அங்கே புதுப் போருக்குப் பம்பு தருவார்களா அல்லது பழைய கிணற்றுக்கு மட்டுமா? சொட்டுநீர் கட்டாயமா? மின் வாரியத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மூப்பு, சோலார் வாங்கினால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். 400 அடிக்கு மேல் மட்டம் இறங்கக்கூடிய ஊரில் அந்த மூப்புதான் உங்கள் கையில் இருக்கும் சொத்து.

நிறுவனம் கொடுக்கும் பம்பின் உயரம்–லிட்டர் அட்டவணையை வாங்கி, உங்கள் மொத்த உயரத்துக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். பழுதானால் ஆள் வரும் ஊர் எது, தருமபுரியா, சேலமா, கோயம்புத்தூரா என்று கேளுங்கள். மாட்டி முடித்த அன்று வேலை முடிந்த சான்றில் உடனே கையெழுத்துக் கேட்பார்கள். மறுநாள் காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, மாலை மூன்றரை என்று மூன்று நேரம் அதே 200 லிட்டர் டிரம்மை வைத்து அளந்து, மூன்று எண்ணையும் சான்றிலேயே எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.